பக்கவாட்டில் ஒரு ஆமாம்

தலையை ஆட்டியதற்காக ஒருத்தியின் வேலைக்கு வேட்டு வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் டீச்சர் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். நம் பக்கத்து ஆபீஸ்களில் தலையை ஆட்டாதவர்களுக்குத்தான் வேலை போகும். ஆட்டினவர்களுக்குப் பதவி உயர்வு. ஆனால் அவள் போய்ச் சேர்ந்த இடத்தில் நியாயம் வேறு மாதிரி இருந்தது.

டீச்சர் என்றே அவளைச் சொல்வோம். அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, நுழைக்க யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. கல்லூரி முடித்த சூட்டோடு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலை, ஒரு வருட ஒப்பந்தம், வெளிநாடு. வீட்டில் எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை, பெரியப்பா ஒருவரைத் தவிர. "இவ போய் அங்க இருக்கறவனுக்கு இங்கிலீஷ் கத்துக்கொடுக்கப் போறாளாம். ஆறே மாசம். பெட்டியைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கறாளா இல்லையா பாருங்க" என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அம்மா அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை ஜாதகம் இருந்தது. ஒரு வருஷம் ஆசைக்குப் போய்விட்டு வரட்டும், வந்ததும் முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. இரண்டாம் வருடத்துக்கும் ஒப்பந்தம் கிடைத்தால் பெரியப்பா வாயும் அடங்கும், ஜாதகமும் தள்ளிப்போகும். டீச்சர் விமானம் ஏறியபோது அவள் மனசில் இருந்தது இவ்வளவுதான்.

அந்த இங்கிலீஷ் மையம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அங்கே வந்து சேருவார்கள். வகுப்பறைகளுக்கு வராந்தா பக்கம் சுவர் கிடையாது, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு, பெஞ்சு நிறையப் பெற்றோர். உள்ளே பேசுவது ஓர் எழுத்துகூட வெளியே கேட்காது. ஆனால் எல்லாம் தெரியும். கொடுத்த காசுக்குப் பாடம் நடக்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதல் வாரம் மீன் தொட்டிக்குள் நின்று பாடம் நடத்துவதுபோல் டீச்சருக்கு மூச்சு முட்டியது. பிறகு பழகிவிட்டது.

வீட்டையும் பழகிக்கொண்டாள். சாவியை இரண்டு தரம் திருப்பிவிட்டு முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கதவு திறக்கும். துணி காயப்போட மொட்டைமாடி கிடையாது, மடக்குக் கம்பியை ஹீட்டர் பக்கத்தில் விரித்துப் போட வேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார், அதனால் இரண்டே விசிலில் சோற்றை வேகவைக்கக் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டாள். எல்லாம் வந்துவிட்டது. தலை ஒன்றுதான் அந்த ஊருக்கு வந்துசேரவில்லை.

அது அவளுக்கே தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? சரி என்று சொல்ல நாம் வாயைத் திறப்பதற்குள் தலை முந்திக்கொள்கிறது. இந்தத் தோளுக்கு ஒரு சாய்வு, அந்தத் தோளுக்கு ஒரு சாய்வு, காரியம் முடிந்தது. டீச்சர் பாடம் நடத்தும்போது தலை சும்மாவே இருக்காது. "இது பூனையா?" என்று கேட்கும்போதே 'ஆமாம்தானே' என்று ஆடும். பிள்ளை பதில் சொன்னால் 'சபாஷ்' என்று ஆடும். தப்பாகச் சொன்னால் 'போனால் போகிறது' என்று அதற்கும் ஒரு ஆட்டம்.

வகுப்பில் எல்லாம் ஆறேழு வயதுப் பொடிசுகள். அவர்களுக்கு அவள் மனசுக்குள் தமிழில் பெயர் வைத்திருந்தாள். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிறவன் முந்திரிக்கொட்டை. நாற்காலியில் உட்காராமல் அதன் கீழே உட்காருகிறவன் வாலு. கடைசி வரிசையில், முகத்தில் பாதியை அடைக்கும் மூக்குக்கண்ணாடியோடு, வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னப் பெண் கோட்டான்.

கோட்டான் ஊமை இல்லை. வீட்டில் அம்மாவின் காதோடு பேசுமாம், வெளியில் வாயைத் திறக்காதாம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். அப்பா எங்கே என்று யாரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. அம்மா முடி வெட்டும் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்தும் அந்த பெஞ்சில் உட்காரமாட்டாள். கறுப்பு ஏப்ரனோடு, தோளில் யாருடைய முடியோ ஒட்டியிருக்க, கண்ணாடியை ஒட்டி நின்றபடியே மகளைப் பார்ப்பாள். இந்த வகுப்பில் சேர்த்ததே பிள்ளை எந்தப் பாஷையிலாவது வாயைத் திறக்கட்டும் என்றுதான் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்.

டீச்சர் அந்தக் குழந்தையை வற்புறுத்தவில்லை. எல்லோரையும் கேட்பதுபோல் கேட்பாள், பதில் வராது, அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள். இரண்டாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் குதிரைப் படத்தைக் காட்டி, "இது குதிரையா?" என்று வழக்கம்போல் தலையை ஆட்டிக் கேட்டாள். கடைசி வரிசையில் ஒரு தலை ஆடியது. இந்தத் தோளுக்கு ஒரு சாய்வு, அந்தத் தோளுக்கு ஒரு சாய்வு. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்தது.

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மறுபடி ஆட்டினாள். அதுவும் ஆட்டியது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் அது ஒரு போக்குவரத்தாகிவிட்டது. நாலாம் மாதத்தில், தலை ஆடி முடிந்த கையோடு, "ஹார்ஸ்" என்று காற்றாக ஒரு சொல் வந்தது. முந்திரிக்கொட்டையே பதில் சொல்ல மறந்து திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு நாளைக்கு ஒன்று, இரண்டு. ஒவ்வொரு தடவையும் முதலில் தலை, பிறகு சொல். வறண்ட அடிபம்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் தண்ணீர் வருகிறது இல்லையா, அந்த மாதிரி. தலை ஆடாமல் ஒரு சொல்லும் வராது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை, அவள் பாஷை தெரியாத டீச்சரும் சொல் இன்னும் கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

இதற்குள் வகுப்பு முழுவதற்கும் அந்த ஆட்டம் தொற்றிவிட்டிருந்தது. டீச்சர் கேட்டால் எல்லாத் தலையும் ஒன்றாகச் சாயும். வாலு மேஜைக்கு அடியில் இருந்தபடி ஆட்டுவான். இதை டீச்சர் கவனிக்கவே இல்லை. நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நூறு தலை ஆடினாலும் நாம் கவனிப்போமா?

கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்கள் கவனித்தார்கள்.

மையத்தை நடத்திய அம்மாளுக்குச் சிரிப்பு மேடம் என்று பெயர். டீச்சரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட நர்ஸ் அக்கா வைத்த பெயர் அது. நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் மேடத்திடம் ஒரே அளவுச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஒரு நாள் டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு, கணினியைத் திருப்பி வைத்தாள். வகுப்பறைக் கேமராவில் பிடித்த படம் ஓடியது. அதிலும் சத்தம் கிடையாது. டீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், பிள்ளைகள் தலையை ஆட்டுகின்றன. இன்னொரு படம், இன்னொரு ஆட்டம்.

"பாத்தீங்களா?" என்றாள் மேடம். "நீங்க ஒவ்வொண்ணா கேக்கறீங்க. பிள்ளைங்க எல்லாம் 'இல்லை, தெரியாது'ங்குது. ஒரு மணி நேரமும் இதேதான். பெத்தவங்க கேக்கறாங்க, டீச்சர். இத்தனை மாசத்துல என் பிள்ளைக்கு எதுவுமே தெரியலையான்னு."

டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள். "அய்யோ மேடம், அது ஆமான்னு அர்த்தம். எங்க ஊர்ல அப்படித்தான் ஆட்டுவோம். என்கிட்டருந்து தொத்திக்கிச்சு. இதுங்களுக்கு எல்லாமே தெரியும், கேட்டுப் பாருங்க."

"அப்படியா! அழகா இருக்கே," என்று மேடமும் சிரித்தாள். "ஆனா வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கு அது இல்லைதான்."

"ஒரு வார்த்தை அவங்ககிட்ட எடுத்துச் சொல்லிட்டா..."

"பெத்தவங்களுக்குப் பாடம் நடத்த நாம இந்த இடத்தை நடத்தலை." சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. "வருஷக் கடைசியில கண்ணாடி நாள் வருதில்ல, எல்லாப் பெத்தவங்களும் ஒண்ணா வந்து பாக்கறது. அதுக்குள்ள இதை நிறுத்திடுங்க. மேலும் கீழும் ஆட்டட்டும், எல்லாப் பிள்ளைங்களும் ஆட்டற மாதிரி. அன்னிக்குப் பாத்துட்டுத்தான் உங்க அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசணும். சரியா?"

"சரி மேடம்," என்றாள் டீச்சர். சொல்லும்போதே தலை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் போய்விட்டு வந்தது. மேடம் அதையும் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து நர்ஸ் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் வேலை பார்ப்பவள். வந்து பல வருஷமாகியும் அந்த ஊரைத் திட்டுவதை நிறுத்தவில்லை, அந்த ஊரை விட்டுக் கிளம்பவும் இல்லை.

"என் தலை அவ்வளவாவா ஆடுது, அக்கா?"

"எல்லார் தலையும் ஆடற மாதிரிதான் ஆடுது. அதுல என்ன?" என்று அக்கா தலையை ஆட்டிக்கொண்டே சொன்னாள். அதைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் டீச்சர் அழுதாள்.

"தூ, இதுக்குப் போயா அழறே? இவளுங்களுக்கு நம்ம தலை வேணாம், கழுத்துக்குக் கீழ இருக்கற உழைப்பு மட்டும் வேணும். இரு, நாளைக்கு ஒண்ணு கொண்டாரேன்."

கொண்டுவந்தது கழுத்துப்பட்டை. எலும்பு பிசகியவர்களுக்குப் போடுவார்களே, தாடையைத் தாங்கிக்கொண்டு தடிமனாக, அது. "இதைப் போட்டுக்க. எப்படி ஆடுதுன்னு பாத்துடுவோம்," என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். டீச்சர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "ஆமாம், சரி, ஆகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிப் பழகினாள். ஆட வந்த தலை பட்டையில் இடித்துக்கொண்டு நின்றது.

அந்தக் கோலத்தில் இருக்கும்போது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்துவிட்டது.

"அடிப்பாவி, கழுத்துல என்னடி அது? எங்கயாவது விழுந்து வெச்சியா?"

"ஒண்ணுமில்லம்மா, சுளுக்கு."

"சுளுக்குக்கா இவ்வளவு பெரிய பட்டை? உங்க பெரியப்பா பாத்தா அவ்வளவுதான், ஊரெல்லாம் சொல்லுவாரு. சரி, அடுத்த வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா இல்லையா? பையன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. இருக்கியா, வர்றியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"குடுத்துடுவாங்கம்மா. கண்ணாடி நாள் முடியட்டும்."

"அது என்ன நாளோ! என்னமோ போ."

பட்டையோடே வகுப்புக்கும் போனாள். பிள்ளைகள் பயந்துபோய்ச் சுற்றி நின்றன. வாலு தொட்டுப் பார்த்தான். வலிக்கிறதா என்று முந்திரிக்கொட்டை கேட்டான். கோட்டான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வரும்போது கழுத்தில் ஒரு கம்பளித் துணியை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, தாடையை நிமிர்த்தி வைத்தபடி வந்து உட்கார்ந்தது. உள்ளே புழுக்கம். கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை.

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி டீச்சர் ஆட்டத்தைத் தொடங்கினாள். மேலும் கீழும் தலையசைத்துப் பதில் சொன்னால் ஒரு நட்சத்திரம். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு நட்சத்திரம் போய்விடும். பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றால் கேட்கவா வேண்டும்? முந்திரிக்கொட்டை ஒரே நாளில் மாறிவிட்டான், பக்கத்துப் பிள்ளையின் தலை சாய்ந்தால் காட்டியும் கொடுத்தான். இரண்டு வாரத்தில் வகுப்பே மேலும் கீழுமாக ஆடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்கள், அவர்களும் மேலும் கீழுமாகத்தான்.

கோட்டானின் கட்டத்தில் மட்டும் நட்சத்திரம் குறைந்துகொண்டே வந்தது. தலை சாயும், உடனே பிள்ளைகள் கத்தும், டீச்சர் போய் ஒன்றை உரித்தெடுப்பாள். கடைசி நட்சத்திரமும் போன பிறகு அது தலையை ஆட்டுவதை நிறுத்தியது. சொல்லும் நின்றது. மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் அசைத்தது. ஆனால் அந்த அசைவில் தண்ணீர் வரவில்லை. வாய் பழையபடி ஒட்டிக்கொண்டது.

டீச்சர் இதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, கண்ணாடி நாள் முடியட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள். நாமெல்லாம் செய்கிற வேலைதான். ஆனால் குழந்தைக்கு அந்தத் தவணை தெரியாது.

ஒரு நாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அம்மா வரும்வரை கோட்டான் தனியாக உட்கார்ந்திருந்தது. டீச்சர் கழுத்துப்பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். குதிரைப் படத்தை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள். குழந்தை படத்தைப் பார்க்கவில்லை. டீச்சரின் கழுத்தையே பார்த்தது. காத்துக்கொண்டிருந்தது. டீச்சரின் தலை லேசாகச் சாயத் தொடங்கியது. அந்தச் சமயம் பார்த்து வெளியே சிரிப்பு மேடம் யாரோ புதுப் பெற்றோருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தாள். சாயத் தொடங்கிய தலை நிமிர்ந்துவிட்டது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கடி, கண்ணு," என்று தமிழிலேயே சொன்னாள் டீச்சர். குழந்தை அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டது.

கண்ணாடி நாளும் வந்தது. வராந்தா கொள்ளாத கூட்டம். அப்பாக்கள் கடைக்குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கழுத்துப்பட்டைக்கு இனி வேலை இல்லை என்று டீச்சர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மேடம் கூட்டத்தின் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கோட்டானின் அம்மா கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்க வேண்டும். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் எல்லோருக்கும் முன்னால், இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து நின்றாள்.

ஏற்பாடு சுலபமானது. ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து நிற்க வேண்டும். டீச்சர் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பாள். பிள்ளை தலையசைத்து, அது என்ன என்று சொல்லிவிட்டு உட்காரும். முந்திரிக்கொட்டை கேள்விக்கு முன்பே சொன்னான். வாலு அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலைகள் மேலும் கீழும் அசைந்தன. கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

கோட்டானின் முறை வந்தது. எழுந்து நின்றது. டீச்சர் குதிரைப் படத்தையே வைத்திருந்தாள். வேண்டுமென்றேதான், அதற்காகவே எடுத்து வைத்த படம். "இது குதிரையா?" என்று கேட்டாள். குரல் கேட்டது, தலை அசையவில்லை.

குழந்தை படத்தைப் பார்த்தது. பிறகு டீச்சரைப் பார்த்தது. அன்றைக்கு டீச்சரின் கழுத்தில் பட்டை இல்லை என்பதை அது கவனித்துவிட்டது. அதன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். டீச்சருக்குத் தெரியும். ஒரே ஒரு சாய்வு போதும். இந்தத் தோளுக்கு ஒன்று. அந்தக் குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து சொல்லிவிடும். அம்மா காதோடு மட்டும் பேசிய வாய், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடும். ஆனால் வெளியே இருக்கிறவர்களுக்கு அந்தச் சொல் கேட்காதே! அவர்களுக்குத் தெரியப்போவது தலை மட்டும்தான். டீச்சரும் ஆட்டினாள், பிள்ளையும் ஆட்டியது என்பது மட்டும்தான். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து சிரிப்பது டீச்சருக்குத் தெரிந்தது. அம்மா கையில் ஜாதகம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு மேலே, மேடத்தின் பல்வரிசை தெரிந்தது.

டீச்சர் புன்னகை செய்தாள். நிறுத்தி நிதானமாக, மேலும் கீழும் தலையை அசைத்தாள்.

குழந்தை ஒரு கணம் நின்றது. பிறகு வாயை மூடியபடியே, மேலும் கீழும் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

வெளியே கைதட்டல். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள், அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லோருக்கும் தெரியுமே. அதன் அம்மா தட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து குழந்தையின் பின்தலைதான் தெரியும். கேள்வி கேட்டதைப் பார்த்தாள், ஆமாம் என்று தலை அசைந்ததைப் பார்த்தாள், டீச்சர் சிரித்ததைப் பார்த்தாள். மற்றதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

கதவு திறந்ததும் நேராக டீச்சரிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முடிச் சாயம் ஏறிய விரல்கள், பிடி இரும்பாக இருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னாள். பக்கத்தில் வந்து நின்ற மேடம் எடுத்துச் சொன்னாள்.

"என் பொண்ணு பேசிட்டாளாமேங்கறாங்க. என்ன சொன்னான்னு கேக்கறாங்க. அந்த வார்த்தையைச் சொல்லுங்க, டீச்சர், அவங்க ஒரு தடவை கேக்கணுமாம்."

குழந்தை அம்மாவின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து டீச்சரையே பார்த்தது. இந்த இடத்திலாவது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இல்லை, இன்றைக்குச் சொல்லவில்லை, ஆனால் போன மாதம் சொன்னாள், என்னால்தான் நின்றது என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், போகட்டுமே! இதைச் சொல்வது நமக்குச் சுலபம். அந்தக் கைகள் பிடித்திருந்தது நம் கைகளை இல்லை.

"ஹார்ஸ்," என்றாள் டீச்சர். "ஹார்ஸ்னு சொன்னா."

"ஹார்ஸ்," என்று அம்மா திருப்பிச் சொன்னாள். தப்பாகத்தான் சொன்னாள், ஆனால் சாமி பெயரைச் சொல்வதுபோல் சொன்னாள்.

குழந்தை தலையை ஆட்டியது. வேகமாக, மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கும்வரை ஆட்டியது. அது தோளுக்குத் தோள் சாய்கிற ஆட்டம் இல்லை. முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிற ஆட்டம். அதன் ஊரில் அதற்கு இல்லை என்று பொருள். நம் ஊரிலும் அதேதான்.

மேடம் கலகலவென்று சிரித்தாள். "பாருங்க, பழைய பழக்கம் இன்னும் போகலை!" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பி அவர்கள் பாஷையில் விளக்கினாள். பாஷை தெரியாவிட்டாலும், என்ன சொல்கிறாள் என்று டீச்சருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. கவலைப்படாதே, டீச்சரின் ஊரில் இப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம். உன் பெண் ஆமாம் என்றுதான் சொல்கிறாள். டீச்சர் அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து எடுத்துச் சொன்ன விளக்கம் வீண்போகவில்லை. மேடத்துக்கு இரண்டு ஆட்டமும் ஒன்றுதான்.

அம்மா குனிந்து மகளை வாரி அணைத்துக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலே குழந்தையின் தலை இன்னும் இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

ஒப்பந்தம் கிடைத்தது. அம்மா ஜாதகத்தை எடுத்து உள்ளே வைத்தாள். பெரியப்பா, "ஒரு வருஷம்தானே நீட்டியிருக்காங்க, பாக்கலாம்" என்றாராம். நர்ஸ் அக்கா கழுத்துப்பட்டையை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். "என்னடி இது, சரியான்னு கேட்டா ஓணான் மாதிரி மேலயும் கீழயும் ஆட்டறே? கல்லு மாதிரி இருக்கு முகம்" என்று வீடியோவில் அம்மா குறைப்பட்டாள். டீச்சர் அதற்கும் அப்படியே ஆட்டினாள்.

பேச ஆரம்பித்துவிட்ட பிள்ளை என்று கோட்டானை அடுத்த நிலை வகுப்புக்கு ஏற்றினார்கள். அதன் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டாளாம். மேடம் சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டாள். வேறு அறை, வேறு டீச்சர். அங்கே கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்.

புது வருஷத்தின் முதல் வாரத்தில் டீச்சர் அந்த வராந்தா வழியாகப் போனாள். பெஞ்சு காலியாக இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே புது டீச்சர் எதையோ கேட்க, பிள்ளைகள் எல்லாம் கையைத் தூக்கின. கடைசி வரிசையில் கோட்டான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றாள். அதன் அம்மா வழக்கமாக நிற்பது அப்படித்தான். குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது.

டீச்சர் வராந்தாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கழுத்து ஒத்துழைக்க மறுத்தது, இருந்தாலும் சாய்த்தாள். இந்தத் தோளுக்கு ஒன்று, அந்தத் தோளுக்கு ஒன்று. மறுபடியும் ஆட்டினாள். கண்ணாடியில் அவள் மூச்சு பட்டு மங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு இன்னொரு தரம் ஆட்டினாள்.

குழந்தை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, வாயைத் திறக்காமல், மேலும் கீழும் ஒரே ஒரு தரம் தலையை அசைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டது.